பாட்டு நின்ற பிறகு

கேள்வி: அரூருக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 61. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் இரவில் படுத்தபடியே கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறேன். முதலில் நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்ட பழைய திரைப்பாடல்கள். இப்போது தேவாரமும் கர்நாடக இசையும். கண்ணீர் வருகிறது, மனம் அடங்குகிறது, தூங்கிவிடுகிறேன். விடிந்தால் அதே பாரம். காப்பி ஆறிப்போனதற்கெல்லாம் மருமகளிடம் சீறுகிறேன். இசை ஞானத்துக்கு வழி என்கிறார்கள். எனக்கு அது தூக்கத்துக்குத்தான் வழியாக இருக்கிறது. ஒரு ராகத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்தால்தான் அந்த வழி திறக்குமா? இந்த வயதில் பாட்டுக் கற்க முடியுமா? அல்லது துக்கத்திலிருந்து தப்பி ஓடி நான் ஒளிந்துகொள்ளும் இடம்தானா இது? என் மனைவி நடவுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். முதல் அடி நினைவிருக்கிறது. இரண்டாம் அடி எவ்வளவு முயன்றும் வரவில்லை.

பதில்: அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கிருஷ்ணகிரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், ராகம் தெரியுமா தெரியாதா என்று கேட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டுக் கேட்ட மறுநாள் காலையில் தான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று கவனித்து எழுதியவர்கள் மிகச் சிலர். அந்தக் கவனிப்பு உங்களிடம் இருப்பதால், நீங்கள் ஓடி ஒளிகிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒளிந்துகொள்பவர் மறுநாள் காலையைப் பற்றி எழுதமாட்டார். ராகத்தின் பெயர் தெரியாததும் ஒரு தடையே இல்லை. உங்களுக்குத் தடையாக இருப்பது வேறொன்று. அதை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதுதான் தடை என்று நினைக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தீர்த்தமலையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தலத்துக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்று உண்டு. அதில் அவர் தம் மனத்தை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறார்: பாடும்போதும் நீ உருகவில்லை, கேட்கும்போதும் உருகவில்லை, கூற்றுவன் வரும் வழியைக் கண்ணால் பார்த்த பின்னும் உருகவில்லையே என்கிறார். இதில் நான் கவனிப்பது அவர் வைத்திருக்கும் வரிசையை. பாடுதல், கேட்டல், சாவு ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. உங்கள் நிலையை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், கூற்றுவன் வந்த வழியை உங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தவர் நீங்கள். கேட்கும்போது உருகவும் செய்கிறீர்கள். எத்தனையோ பேர் ஆயுள் முழுவதும் கச்சேரிக்குப் போயும் எட்டாத இடம் அது. ஆகவே உருக்கம் போதவில்லை என்பது உங்கள் குறையன்று. உருகியது உறைவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது என்பதுதான் குறை.

கைப்பேசியில் ஒரு பாட்டு முடிந்த கணமே இன்னொன்று தானாகத் தொடங்குகிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள் அல்லர். முந்திய பாட்டு உங்களுக்குள் என்ன செய்தது என்பதும் அதற்குத் தெரியாது. பத்துப் பாட்டு இப்படி ஓடினால் பத்தும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு மயக்கம் வரும், அந்த மயக்கத்தில் தூக்கம் வரும். தூங்குவதற்காகக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. நீலாம்பரி என்ற ராகத்தைத் தாலாட்டுக்கென்றே வைத்திருந்த மரபு நம்முடையது. தூக்கம் வராத வீட்டில் தூக்கத்தைக் கொண்டுவந்த பாட்டுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது வேறு. சிந்தனைக்கும் தெளிவுக்கும் இசை எப்படி வழியாகும் என்று கேட்கிறீர்கள். அதற்குப் படுக்கையைவிட்டு எழுந்து உட்கார வேண்டும், பாட்டு நின்ற பிறகும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இது ஏன் என்பதைத் தம்புராவை வைத்துச் சொன்னால் விளங்கும். பாடுபவருக்குச் சுருதி கொடுக்கும் அந்தக் கருவிக்கு நான்கு தந்திகள். முதலாவது ‘ப’ என்னும் பஞ்சமம்; நடுவில் உள்ள இரண்டும் சாரணி எனப்படும் ‘ச’, அதாவது ஷட்ஜம்; கடைசியாக உள்ள தடித்த தந்தி அதற்குக் கீழே ஒலிக்கும் மந்தர ஷட்ஜம். தந்திகளைத் தாங்கும் பாலத்தைக் குதிரை என்போம்; அதன் மேல் தந்திகள் படியும் இடத்தில் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் சிறு நூல் துண்டு ஒன்றைச் செருகுவோம். அதற்கு ஜீவா என்று பெயர். அந்த நூலை விரல் நுனியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே தந்தியை மீட்டினால், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி ஓரிடத்தில் திடீரென்று தேனீக் கூட்டம் போல ரீங்கரிக்கத் தொடங்கும். இப்போது மந்தர ஷட்ஜத்தை மட்டும் மீட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு காத்திருங்கள். முதலில் ஷட்ஜம் கேட்கும். அதற்குள்ளிருந்து பஞ்சமம் எழும். ஒலி தேயத் தொடங்கும்போது, மிக மேலே, மெல்லிய கோடு இழுத்தாற்போல, ‘க’ ஸ்வரத்தின் ஒரு வகையான அந்தர காந்தாரம் கேட்கும். தம்புராவில் காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது, அதை யாரும் மீட்டவும் இல்லை. ஒரு தந்தி தன் முழு நீளத்தில் அதிரும்போதே இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஐந்தாகவும் தன்னைப் பகுத்துக்கொண்டும் அதிர்கிறது; அந்த ஐந்தாம் பகுப்பிலிருந்து பிறப்பதுதான் இந்தக் காந்தாரம்.

என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இது முதல் நாளில் கேட்காது. சிலருக்கு ஒரு மாதம் ஆகும். அவர்களுடைய செவி அந்த ஒரு மாதத்தில் மாறிவிடுவதில்லை, அவசரம்தான் குறைகிறது. மீட்டியவுடன் அடுத்த மீட்டுக்குக் கை போய்விடும்வரை காந்தாரம் கேட்பதற்கு நேரமே இல்லை. கை நின்றால்தான் அது வருகிறது. உங்கள் இரவுப் பாட்டில் கை நிற்பதே இல்லை, ஐயா.

இனி, சிந்தனை என்பதைப் பற்றி. உங்கள் மனைவியின் மறைவைப் பற்றி நீங்கள் இந்த இரண்டு ஆண்டுகளாகச் சிந்திக்காமலா இருக்கிறீர்கள்? சிந்தித்துக்கொண்டேதான் இருப்பீர்கள். ஆனால் துக்கம் செய்யும் சிந்தனைக்கு ஓர் இயல்பு உண்டு: ஒரே அடியை, ஒரே சங்கதியில், அதாவது மெட்டின் ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடித்து, இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தால், அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்பன போன்ற அடிகள் அவை. அவற்றுக்கு இரண்டாம் சங்கதி கிடையாது. எங்கள் இசையிலும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும் ஒரு முறை இருக்கிறது. அதை நிரவல் என்போம். கீர்த்தனையிலிருந்து பொருள் நிறைந்த ஓர் அடியை எடுத்துக்கொண்டு, தாளத்தில் அதன் சொற்கள் விழும் இடங்களைக் கூடியவரை அப்படியே காத்து, ஒவ்வொரு சுற்றிலும் ராகத்தின் வேறொரு வழியாக அந்த அடியைக் கொண்டுவருவார்கள். சொல் மாறுவதில்லை, தாளத்தில் அடி தொடங்கும் இடமான எடுப்பு மாறுவதில்லை, தாளம் மாறுவதில்லை. ஆனால் பத்தாவது சுற்றில் அந்த அடி முதல் சுற்றில் சொன்னதையே சொல்வதில்லை. முதலில் வேண்டுதலாகக் கேட்டது பிறகு முறையீடாகக் கேட்கும், பிறகு நன்றியாகவும் கேட்கும். துக்கம் பாடுவதும் நிரவல் பாடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். துக்கத்தில் அடி நம்மைச் சுற்றி வருகிறது. நிரவலில் நாம் அடியைச் சுற்றி வருகிறோம். இசை சிந்தனைக்கு வழி என்று நான் நம்புவது இந்த ஓர் இடத்தை வைத்துத்தான். இதைவிடப் பெரிய வாக்குறுதி எதையும் உங்களுக்கு என்னால் தர இயலாது.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இது. காலையில், வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன், தரையில் ஒரு பாயோ நாற்காலியோ போட்டு உட்காருங்கள். முதலில் ஐந்து நிமிடம் தம்புராவின் ஒலியை மட்டும் கேளுங்கள். கைப்பேசியிலேயே தம்புரா ஒலிக்கும் செயலிகள் கிடைக்கின்றன, ஆனால் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தரத் தந்தி சரியாக விழாது என்பதால் காதில் செருகும் கருவியைப் பயன்படுத்துங்கள். பிறகு ஒரே ஒரு பாட்டு. அது தேவாரமாக இருக்கலாம், கீர்த்தனையாக இருக்கலாம். ஒரு மாதத்துக்கு அந்த ஒன்றையே கேட்க வேண்டும். தாளம் இல்லாமல் செய்யுளை ராகத்தில் விரித்துப் பாடும் விருத்தம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். சொல் தமிழாக இருக்கும், பாடுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சும் இடமும் கொடுப்பார், ராகம் அறியாதவருக்கும் அது திறந்தே இருக்கும். அடுத்த பாட்டு தானாக ஓடாதபடி கருவியில் அந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள். பாட்டு நின்ற பிறகு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள்.

இந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான் கடினம். அதில் தியானம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மனத்தை அடக்கவும் வேண்டியதில்லை. பாட்டின் எந்த இடம் திரும்ப வருகிறது, அதனுடன் எந்த நினைவு வருகிறது என்று மட்டும் பாருங்கள். முதல் வாரத்தில் சலிப்பு வரும். இரண்டாம் வாரத்தில் எரிச்சலே வரலாம். பாட்டு உங்களுக்கு இதுவரை மூடிக் கொடுத்திருந்த ஏதோ ஒன்று அப்போது மூடாமல் வெளியே வரும் என்பதால் அந்த எரிச்சலை நான் கெட்ட அறிகுறியாகக் கொள்ளமாட்டேன். மூன்றாம் வாரத்துக்குமேல், இதுவரை கேட்டிராத ஓரிடம் அதே பாட்டில் கேட்கத் தொடங்கும்: பாடகர் மூச்சு வாங்கும் இடம், வயலின் சற்றுப் பின்தங்கித் தொடரும் இடம், ஒரு சொல்லின் கடைசி எழுத்து கரையும் இடம்.

உங்கள் மருமகளிடம் சீறியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்காக என்னிடம் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி பேருந்தில் வந்து என்னிடம் கற்றாள். நல்ல குரல். ஆனால் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது நூலிழை கீழே இறங்கிவிடுவாள். சுருதி சேரவில்லை, சுருதி சேரவில்லை என்று நான்கு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கடுமையாகவும் சொல்லிவிட்டேன், அவள் அழுதுகொண்டே போனாள். அன்று மாலை தனியாகத் தம்புராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் பாடியது எனக்குள் திரும்பக் கேட்டது. அந்த ஸ்வரம் தவறாக எழவில்லை. சரியாக எழுந்து, பாதியில் மூச்சில்லாமல் இறங்கியது. நான்கு மாதமும் என் காதில் விழுந்ததுதான் அது. நான் பிழையை மட்டும் கேட்டேன், அவளைக் கேட்கவில்லை. மறுநாள் விசாரித்தபோது, பள்ளி விட்டதும் எதுவும் சாப்பிடாமல் நேரே பேருந்து ஏறிவிடுகிறாள் என்று தெரிந்தது. அன்றுமுதல் வகுப்புக்கு முன் எங்கள் வீட்டில் அவளுக்கு இரண்டு தோசை. இரண்டே வாரத்தில் ஷட்ஜம் நின்றது. முப்பது ஆண்டுகளில் என் இசையறிவு எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி எது என்று கேட்டால், நான் கற்ற கீர்த்தனைகளைச் சொல்லமாட்டேன், அந்த மாலையைத்தான் சொல்வேன். அந்தச் சிறுமியை அழவைத்தது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஆறிய காப்பியைக் கொண்டுவந்து வைக்கும்போது உங்கள் மருமகள் ஏதாவது சொல்கிறார் அல்லவா? அந்தக் குரல் எந்தச் சுருதியில் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். மாமியார் இல்லாத வீட்டில் அவருக்கும் இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்த வயதில் கற்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே பதில். கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளி இளையவர்களுக்கானது; நீங்கள் தனி ஆசிரியர் ஒருவரைத்தான் தேட வேண்டும். வாரம் ஒரு வகுப்புப் போதும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்வோம்; இந்த வயதில் ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டைக்கு அருகிலோ அதற்குக் கீழோதான் வசதியாக நிற்கும். யாராவது உங்களை இரண்டு கட்டையில் பாடவைத்துத் தொண்டையை வருத்தினால் அவரிடம் தொடராதீர்கள். தொடக்கப் பாடம் மாயாமாளவகௌளை என்ற ராகத்தில், ஸ்வரங்களை ஏறியும் இறங்கியும் பாடிப் பழகும் சரளி வரிசையாக இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்லும் பாடமுறை அது. குழந்தைகளுக்கான பாடம் என்று கூச்சப்பட வேண்டாம். ஷட்ஜத்தில் ஒரு மூச்சு முழுவதும் அசையாமல் நிற்பது குழந்தைக்கும் கடினம், அறுபது வயதுக்காரருக்கும் கடினம், எனக்கும் ஒவ்வொரு காலையும் கடினம்தான்.

குரல் நன்றாக இல்லையே என்ற தயக்கம் வந்தால் உங்கள் மாவட்டத்துப் பழைய செய்தி ஒன்றை நினைவில் வையுங்கள். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் பாடியது புறநானூற்றில் 92-ஆம் பாட்டாக இருக்கிறது. குழந்தையின் மழலை யாழோடு பொருந்தாது, பொழுதோடும் பொருந்தாது, அதன் பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தைக்கு அதைக் கேட்டால் அருள் சுரக்கிறது. என் சொற்களும் உனக்கு அப்படியே என்கிறார். பண்ணுக்கென்று பொழுது வகுத்திருந்த ஒரு காலத்தில், இசைக்கு உரிய இலக்கணம் அத்தனையும் அறிந்த ஒரு புலவர், அந்த இலக்கணம் எதிலும் அடங்காத ஒலிக்கும் கேட்பவர் ஒருவர் உண்டு என்று தகடூர் அரசனிடம் சொல்கிறார். தகடூர்தான் இன்றைய தருமபுரி. நீங்கள் அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, சுருதி சற்று விலகினால் என்ன ஆகும் என்று அஞ்ச வேண்டாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். இசை மருந்துக்கு மாற்றாகாது. உணவு இறங்காமல் போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தாலோ, பாட்டைக் கேட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போவதற்கு முன் பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, உங்கள் மனைவியின் நடவுப் பாட்டு. கடிதத்தின் கடைசி வரியில் அதை எழுதிவிட்டு அதைப் பற்றிக் கேள்வி எதுவும் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். கைப்பேசியில் தேடினால் அது கிடைக்காது. ஓர் ஊரின் நடவுப் பாட்டு அடுத்த ஊருக்குப் போவதற்குள் சொல்லும் மெட்டும் மாறிவிடும். அந்தப் பாட்டைத் தனியாக இருந்து நினைவுபடுத்த முயல்கிறீர்கள். ஆனால் நடவுப் பாட்டு தனியாகப் பாடப்பட்டதே இல்லை. வயலில் ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் அடுத்ததைச் சொல்லி நாற்றை ஊன்றுவார்கள். உங்கள் மனைவி முணுமுணுத்தது அவர் எடுத்துக் கொடுத்த அடியாகவே இருக்கலாம். இரண்டாம் அடி அவருடன் குனிந்து நட்ட பெண்களிடம் இருக்கும். அவர்களில் இருவர் மூவராவது இன்னும் உங்கள் ஊரில் இருப்பார்கள். சும்மா சொல்லச் சொன்னால் அவர்களுக்கும் வராது. நீங்கள் முதல் அடியைப் பாட வேண்டும், அப்போது அடுத்தது தானாக அவர்கள் வாயில் வரும். மருமகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெண்கள் அவர் எதிரில் கூச்சமில்லாமல் பாடுவார்கள், அவர் கைப்பேசியில் பதிவும் செய்துகொள்வார். நாற்று நடும் பருவம் வருவதற்கு முன் போய்வாருங்கள். இரண்டாம் அடி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். மெட்டையும் ஸ்வரப்படுத்தி அனுப்பிவைக்கிறேன்.